ஆறு மணிக்கு அணைந்த பெட்டி

குளிர் தொடங்கி முதல் தடவையாக ஹீட்டரைப் போட்டால் பிளெய்ன்ஸ்பரோ என்கிற இந்த அமெரிக்க ஊரில் எங்கள் அபார்ட்மென்ட் முழுக்க ஒரு வாசனை வரும். கோடை முழுதும் சேர்ந்த தூசி சூட்டில் கருகும் வாசனை. மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைத் திறப்பாள். எனக்கோ அது பிடிக்கும். போன வாரம் அதை முகர்ந்தபடி சோபாவில் சாய்ந்திருந்தேன். எதிரே டிவி தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கண்ணயர்ந்துவிட்டேன் போலிருக்கிறது. விழித்தபோது படம் நின்று, திரையில் ஒரு கேள்வி இருந்தது. இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா என்று இங்கிலீஷில் கேட்டது. எண்பதை நெருங்குகிறவனிடம் கேட்கிற கேள்வியா இது? நான் முழிப்பதைப் பார்த்த பேத்தி, ஒரு காதின் ஹெட்போனை மட்டும் தூக்கி, "தாத்தா, ஜஸ்ட் பிரஸ் யெஸ்" என்றாள். அழுத்தினேன். மறுபடி ஓடத் தொடங்கியது.

உங்களிடம் சொல்வதற்கென்ன, எனக்கு இதெல்லாம் அலுத்துவிட்டது. ஆனால் தானாகவே நின்றுவிடுகிற டிவி ஒன்று எனக்குத் தெரியும். அதன் வாசனையும் இந்த ஹீட்டர் வாசனைதான்.

ஐம்பதுகளின் நடுவில் அப்பா வட இங்கிலாந்தின் பஞ்சாலை ஊர் ஒன்றில் ஆஸ்பத்திரி டாக்டராக இருந்தார். சர்ஜன் பரீட்சைக்காகப் போனவர் முதல் தடவை தோற்றுப்போயிருந்தார். பாளையங்கோட்டையிலிருந்து அம்மாவையும் என்னையும் கப்பலில் வரவழைத்தார். வந்த நாளிலிருந்து அம்மா கேட்டதெல்லாம் ஒன்றுதான்: திரும்பக் கப்பல் எப்போது? புகை படிந்த செங்கல் வீடுகள், விடாத மழை, பேச ஆளில்லை. அடுப்படியில் நின்று சத்தமில்லாமல் அழுவாள். அவளைத் தனியே அனுப்பிவிட்டால் பரீட்சை எழுதத் தெம்பு இருக்காது என்று அப்பாவுக்குத் தெரியும். அதனால்தான் வாடகைக்கு ஒரு டிவி எடுத்து வந்தார்.

டிவி என்றால் மர அலமாரி. முன்னால் இரண்டு குட்டிக் கதவுகள். குமிழைத் திருகினால் உள்ளே பல்பு மாதிரியான கண்ணாடி வால்வுகள் சூடாகித் தூசி கருகும். அதற்கப்புறம்தான் படம், அதுவும் மனமிருந்தால் வரும்.

காலையில் ஒன்றும் கிடையாது. கோடும் கட்டமுமாக ஒரு சித்திரம் அசையாமல் நிற்கும். பள்ளி விடுமுறையில் அதையும் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், என் புத்தி அப்படி. மத்தியானம் தொப்பி தைப்பதும் கேக் செய்வதும் காட்டுவார்கள். முட்டை அடிக்கிற பெண்மணி முத்துமாலை போட்டிருப்பது அம்மாவுக்கு அதிசயம். ஐந்து மணிக்குப் பிள்ளைகளுக்கான பொம்மலாட்டம். நூல் தெரியும், ஆனாலும் நம்புவோம். ராத்திரி நேரடியாக நடித்துக் காட்டும் நாடகத்துக்கு நடுவே ஆட்கள் உடை மாற்ற நேரம் வேண்டுமென்று, குதிரைகள் வயல் உழுவதைப் பாட்டோடு காட்டுவார்கள். உழுவதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் கப்பலேறி வந்தோம் என்று அப்பா முனகுவார். கடைசியில் ராணிக்கான கீதம். அம்மா பாதி எழுந்து நிற்பாள். அப்பா வேண்டுமென்றே கால்மேல் கால் போட்டுக்கொள்வார். திரை சுருங்கி வெள்ளைப் புள்ளியாகி மறையும்.

நான் சொல்ல வந்தது ஆறு மணியை. பொம்மலாட்டம் முடிந்ததும் பெட்டி அடங்கிவிடும். ஏழு மணிவரை ஒன்றுமே வராது. முதல் நாள், பெட்டி கெட்டுப்போய்விட்டது என்று பயந்து அதன் தலையில் இரண்டு தட்டுத் தட்டினேன். அம்மா ஜன்னலோரம் போய் வலைத்திரையை விலக்கிப் பார்த்தாள். எதிர்வரிசையில் டிவி இருந்த வீடுகளிலெல்லாம் நீல வெளிச்சம் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டிருந்தது. அவள் முகம் மலர்ந்ததை அந்த ஊரில் அன்றைக்குத்தான் பார்த்தேன். எங்கள் ஊரில் விளக்கு வைத்ததும் வீட்டுக்கு வீடு குடும்ப ஜெபம் நடக்கும். பாட்டு தெருவரைக்கும் கேட்கும். மிஷனரிகளை அனுப்பிய தேசம் ஆயிற்றே, இங்கே ஜெபத்துக்காக டிவியையே நிறுத்துகிறார்கள் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். வேதப் புத்தகத்தை எடுத்தாள்.

"எய்யா, வா. எல்லாரும் முழங்கால் போட்டாச்சு."

அதற்குப் பிறகு தினமும் அதே வார்த்தைதான். ஜன்னலைப் பார்ப்பாள், சொல்வாள், நாங்கள் மண்டியிடுவோம். முடிந்தபோதெல்லாம் அப்பாவும் அந்த நேரத்துக்கு வீட்டுக்கு வந்து, ஏழு மணிக்கு மறுபடி ஆஸ்பத்திரிக்கு ஓடுவார். ஜெபத்தில் அவருக்கு அவ்வளவாகப் பிடிப்பில்லை. பாதியில் குறட்டை விட்டதும் உண்டு. அம்மாவோ தெருவில் உள்ள அத்தனை பேருக்காகவும் வேண்டுவாள். பெயர் தெரியாதவர்களைப் பச்சைக் கதவு வீடு, மஞ்சள் பூனை வீடு என்று கர்த்தருக்கு அடையாளம் சொல்வாள். கப்பலைப் பற்றிய பேச்சு குறைந்தது. பக்கத்து வீட்டு அம்மாளோடு வேலிக்கு மேலாகச் சிரிக்கக்கூடக் கற்றுக்கொண்டாள்.

அந்த ஒரு மணி நேரம் சின்னப் பிள்ளைகளைக் குளிப்பாட்டித் தூங்க வைப்பதற்காம். வகுப்பில் ஒரு பையன் சொன்னான். ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன். அவருக்கு முதல் வாரமே தெரிந்திருந்தது.

"அம்மாட்ட சொல்லாத. அவ தனியா இல்லன்னு நெனச்சுக்கிட்டிருக்கா. அது அப்படியே இருக்கட்டும்."

அடுத்த பரீட்சை நெருங்கிய சமயத்தில் பத்திரிகையில் செய்தி வந்தது. இனி ஆறு மணிக்கும் நிகழ்ச்சி உண்டு என்று. அப்பா அந்தப் பத்திரிகையை வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. ஆனால் அந்த நாளில் சீக்கிரமாக வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பொம்மலாட்டம் முடிந்தது. அம்மா வேதப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டாள். பெட்டி அடங்கவில்லை. வாத்தியங்கள் முழங்க, ஒருவர் சிரித்துக்கொண்டே வந்து வணக்கம் சொன்னார்.

அம்மா கடிகாரத்தைப் பார்த்தாள். ஜன்னலுக்குப் போனாள். எதிர்வரிசையில் ஒரு வெளிச்சமும் அணையவில்லை. பச்சைக் கதவு வீட்டில் யாரோ வாய்விட்டுச் சிரிப்பது தெரிந்தது. வலைத்திரையை இழுத்து மூடினாள்.

"அப்ப நாம மட்டும்தானா?"

இதற்காகத்தான் அப்பா காத்திருந்தார் என்று நினைக்கிறேன். எழுந்தார். குமிழைத் திருகி அணைத்தார். பெட்டியின் குட்டிக் கதவுகள் இரண்டையும் சாத்தினார். அந்தக் கம்பளத்தில் அம்மாவை முந்திக்கொண்டு அவர் முழங்கால் போட்டது அன்றைக்குத்தான்.

"நாம மட்டும்தான். வா, ரூத்து."

அன்று அம்மா தெருவுக்காக வேண்டவில்லை. எங்கள் மூன்று பேர் பெயரை மட்டும் சொன்னாள். அதற்கப்புறம் வலைத்திரையை விலக்கிப் பார்த்ததே இல்லை. ஆறு மணி ஆனால் அப்பா இருந்தால் அப்பா, இல்லாவிட்டால் நான், பெட்டியின் கதவைச் சாத்துவோம். கப்பல் எப்போது என்று அவள் மறுபடி கேட்கவில்லை. அப்பா தேறினார், ஊர் திரும்பினோம். பாளையங்கோட்டையில் அவர்கள் இருந்தவரை ஆறு மணிக்கு மண்டியிடுவது நிற்கவில்லை. அப்பாவின் குறட்டையும்தான்.

இப்போது ஆறு மணி. மகள் உள்ளறையில் மீட்டிங்கில் இருக்கிறாள். மருமகன் பிரின்ஸ்டன் ஜங்ஷன் வந்து சேர இன்னும் நேரமாகும். பேத்தியின் இரண்டு காதும் அடைபட்டிருக்கின்றன. டிவி மறுபடியும் கேட்கிறது. இந்தத் தடவை இல்லை என்று அழுத்தினேன். அப்போதும் அது அணையவில்லை. பனிமலையும் கடலுமாகப் படங்கள் மாறிக்கொண்டிருக்கின்றன. சாத்துவதற்குக் கதவும் இல்லை.

எழுந்து ஜன்னலுக்குப் போனேன். எதிர் பிளாக்கில் மூன்று மாடியிலும் நீல வெளிச்சம். எதுவும் அணையாது என்று தெரிந்தும் கொஞ்ச நேரம் நின்றேன். முழங்கால் இப்போது மடங்குவதில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். நாம மட்டும்தானா என்று அம்மா கேட்டபோது, பதில் சொல்ல அப்பா இருந்தார்.