செம்பூருக்கு அப்பால் ஒரு பிரசவ ஒத்திகை

தாராவியில் இடம் போதவில்லை, செம்பூர்ப் பக்கம் காற்றாட ஒரு வீடு பார்த்துப் போய்விடலாமா என்று நம் ஆட்களில் பலர் யோசிக்கிறார்கள். யோசியுங்கள், தப்பில்லை. அதற்கு முன் போன ஐப்பசியில் நான் போய்வந்த கதையைப் படித்துவிடுங்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் நான். எழுத்தில் பிழை இருக்கலாம், வழியில் இருக்காது.

போன காரணம் என் தங்கை பேச்சியம்மாள். அவள் புருஷன், என் கொழுந்தனார் முருகையாவுக்குச் செம்பூரைத் தாண்டி ஒரு தொழிற்சாலையில் பிட்டர் வேலை. குவார்ட்டர்ஸும் கொடுத்திருந்தார்கள். பேச்சிக்கு அது தலைப்பிள்ளை, ஒன்பதாம் மாதம். எங்களுக்கு அம்மா இல்லாததால் பிரசவம் என் வீட்டில்தான் என்று சொல்லியனுப்பினேன். “பத்துக்குப் பத்து ரூம்ல ஏழு பேர் படுக்கீங்க. எட்டாவதா என் பொண்டாட்டி எங்க படுப்பா மதினி, உத்தரத்துலயா?” என்று பதில் வந்தது. கேள்வி நியாயமானது. அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கிளம்பிவிட்டேன்.

தாராவியிலிருந்து மாட்டுங்கா மார்க்கெட் இருபத்தைந்து நிமிஷ நடை. எனக்கு முக்கால் மணி ஆயிற்று. வழியெல்லாம் “எங்கக்கா பையோட?” என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லாமல் போக முடியுமா? மாட்டுங்காவில் முருங்கைக்காய், கறிவேப்பிலை, காப்பிப்பொடி மூன்றும் அடுத்தடுத்த கடையில் கிடைத்துவிடும். முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு மாமி, “செம்பூரா? நன்னாக் காத்து வருமே! என் தம்பி அங்க போனப்புறம் அவனுக்கு இழுப்பே வரலை” என்றாள். “உங்க தம்பி வீடு ஸ்டேஷன் பக்கம் மாமி. என் தங்கச்சி வீடு எங்கன்னு செம்பூர்க்காரனே கேப்பான்” என்றேன்.

அங்கேயே ரயில் ஏறிக் குர்லாவில் இறங்கி, ஹார்பர் வண்டிக்கு மாற வேண்டும். மூன்றாம் வகுப்பு டிக்கெட் பதினைந்து பைசா. குர்லா வரைக்கும் ஒற்றைக் காலில் நின்றேன். இன்னொரு கால் யார் காலின் மேல் இருந்தது என்று தெரியாது, அவரும் கேட்கவில்லை. செம்பூரில் இறங்கி பஸ், பத்து பைசா, இருபது நிமிஷம். அதற்கப்புறம் ஒன்றரை மைல் பொட்டல். ஒரு பக்கம் குழாய் வரிசை, இன்னொரு பக்கம் சேறு. குடை கொண்டுபோங்கள். நிழலுக்கு ஒதுங்க வேண்டுமானால் உங்கள் நிழலில்தான் ஒதுங்க வேண்டும்.

வீட்டைக் குறை சொல்ல மாட்டேன். இரண்டு அறை, தனிக் குழாய், ஜன்னலைத் திறந்தால் காலண்டர் பறந்துபோகும் அளவுக்குக் காற்று. பேச்சியின் முகம்கூடத் தெளிந்திருந்தது. “இங்க மூச்சு விட முடியுதுக்கா. இவுக நைட் ஷிப்டு போறப்பதான்...” என்று இழுத்தவள், புருஷன் வந்ததும் காப்பி போட எழுந்துவிட்டாள். அந்த வரிசையில் பன்னிரண்டு வீடு. ஆள் வந்திருந்தது மூன்றில். மற்ற இரண்டு வீட்டுக்காரர்களும் தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தார்கள்.

“வலி கண்டா என்னவே செய்வீரு?” என்று கேட்டேன்.

“கம்பெனி ஜீப் இருக்கு மதினி. செம்பூர் ஆஸ்பத்திரிக்கு அரை மணி நேரம்.”

“யாருக்கு அரை மணி? காக்காவுக்கா?”

“நீங்க கேலிதான் பண்ணுவீக. வேணும்னா கூட்டிட்டுப் போயிக் காட்டட்டுமா?”

“காட்டும். நான்தான் பேச்சி. எனக்கு இப்ப வலி வந்தாச்சு.”

இரண்டு பெட்ஷீட்டைச் சுருட்டி வயிற்றில் கட்டிச் சேலையைச் சுற்றினேன். எனக்கு நாற்பத்துநாலு வயது, உடம்பும் கொஞ்சம் தாராளம். பேச்சி சிரித்துச் சிரித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். பதினோரு மணிக்குக் கிளம்பினோம்.

கம்பெனி கேட்டில் மராத்திக்கார வாட்ச்மேன் என் வயிற்றைப் பார்த்துப் பதறிப்போனார். ஆனால் ஜீப் இல்லை. பெரிய துரை வீட்டுக்குக் காய்கறி வாங்கப் போயிருந்தது. “முருங்கைக்காய் நானே குடுத்திருப்பேனே” என்றேன். கொழுந்தனார் குடையை விரித்தார். பொட்டலில் நடந்தோம். நிறைமாதக்காரி நடக்கிறபடி நடந்துகாட்டினேன்: பத்தடிக்கு ஒரு நிறுத்தம், நிறுத்தத்துக்கு ஒரு “ஐயோ அம்மா”. கேட்க ஒரு நாய்கூட இல்லை. பஸ் நிறுத்தத்துக்கு வரும்போது பன்னிரண்டே கால். அங்கே நாற்பது நிமிஷம் நின்றும் பஸ் வரவில்லை.

“மதினி, போதும். திரும்பிரலாம்” என்றார், வேர்த்து ஊற்ற.

“தலை தெரிய ஆரம்பிச்சாச்சு, எங்கவே திரும்புறது?”

அந்த நேரம் பார்த்து ஒரு எண்ணெய் டேங்கர் லாரி வந்து நின்றது. சர்தார்ஜி டிரைவர் கீழே குதித்து, “பெஹன்ஜிக்கு வலியா? சலோ சலோ!” என்று கூடப்பிறந்தவளைப்போல என்னைக் கைத்தாங்கலாக ஏற்றிவிட்டார். உண்மையைச் சொல்ல வாய் திறந்தேன். லாரி போன வேகத்தில் “ஆ” என்றுதான் வந்தது. அதைக் கேட்டு இன்னும் வேகமாக ஓட்டினார். ஆஸ்பத்திரி வாசலில் அவரே “ஸ்ட்ரெச்சர்! ஸ்ட்ரெச்சர்!” என்று சத்தம் போட்டார். நான் அவசரமாக இறங்கினேன், இடுப்புக் கட்டு அவிழ்ந்தது, அத்தனை பேர் முன்னால் எனக்கு இரட்டைப் பிள்ளை பிறந்தது. ஒன்று நீலம், இன்னொன்று கட்டம் போட்டது.

கொழுந்தனார் லாரிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். சர்தார்ஜி முதலில் முறைத்தார், விஷயத்தைச் சொன்னதும் தாடி குலுங்கச் சிரித்தார். எதிர்க் கடையில் எங்களுக்கு அவரே சாய் வாங்கித் தந்தார். குடித்து முடித்துக் கொழுந்தனாரின் தோளில் கை வைத்து, “நான் அந்த ரோட்டில் வாரம் ஒரு தடவைதான் வருவேன், பாய்” என்றார். இந்தியில் சொன்னாலும் கொழுந்தனாருக்கு நன்றாகவே விளங்கியது.

திரும்பி வரும்போது மணி நாலு. பேச்சி வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் டிரங்குப் பெட்டி, மேலே துணி மூட்டை. முகத்தில் காலையில் பார்த்த சிரிப்பு இல்லை.

“பொய் நிறைமாசக்காரியக் கூட்டிக்கிட்டு ஆஸ்பத்திரி போனீகளே, நெச நிறைமாசக்காரி இங்க தனியாக் கெடக்கான்னு ரெண்டு பேருக்கும் தோணுச்சா?” என்றாள். “ரெண்டு மணிக்கு இடுப்புல சுருக்குன்னு ஒரு வலி. கூப்பிட்டேன். திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். என் சத்தம் எனக்கே திரும்பி வந்துச்சு.”

நான் அவள் இடுப்பைத் தடவிவிட்டேன். கொழுந்தனார் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். வலி நின்றுவிட்டதால் பொட்டலில் மெதுவாக நடத்தி, பஸ்ஸிலும் ரயிலிலும் ஏற்றிக் கூட்டிவந்தோம். எங்கள் சந்துக்குள் நுழைந்ததும் பேச்சியின் கையிலிருந்த மூட்டையை ஒருத்தி வாங்கினாள், கால் கழுவ இன்னொருத்தி தண்ணீர் கொண்டுவந்தாள். அன்றே என் பையன்கள் இருவரும் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு எதிர் வீட்டு மாடிக்குப் போய்விட்டார்கள். உத்தரம் தேவைப்படவில்லை.

நீங்கள் அந்தப் பக்கம் வீடு பார்க்கப் போனால் சுவரையும் குழாயையும் அப்புறம் பாருங்கள். மத்தியானம் ஒரு மணி நேரம் வாசலில் நின்று, எத்தனை பேர் அந்த வழியாகப் போகிறார்கள் என்று பாருங்கள். பஸ் கடைசியாக எப்போது வரும் என்று கண்டக்டரிடம் கேளுங்கள், வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள். மாட்டுங்காவில் வீடு கிடைத்தால் காற்று, ஆள் துணை இரண்டு சுகமும் உண்டு. அந்த வாடகை கொடுக்க முடிந்தவர்கள் இதைப் படித்துக்கொண்டிருக்க மாட்டீர்கள்.

அடுத்த வாரமே ஒரு காலையில் பேச்சிக்கு வலி கண்டது. “அக்கா” என்று அவள் கூப்பிட்டதற்கு நாலு வீட்டு அக்காக்கள் வந்தார்கள். சயான் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரக் கால் மணிதான் ஆயிற்று, மத்தியானத்துக்குள் பிள்ளை பிறந்தாயிற்று. சாயங்காலத்துக்குள் சந்து முழுக்கச் சர்க்கரை தின்றுவிட்டது. சேதி போகாதது, வேலைக்குத் திரும்பிப்போயிருந்த பிள்ளையின் தகப்பனுக்கு மட்டும்தான். சொல்லப் போன ஆளுக்குக் கடைசி பஸ் தப்பிவிட்டது.

மறுநாள் மத்தியானம் சேதி கிடைத்துக் கொழுந்தனார் விழுந்தடித்து ஓடிவந்தார். எல்லாவற்றையும் நான்தான் முதலில் சொல்வேன் என்று வாசலில் காத்துக்கொண்டு நின்றேன். ஆனால் அவர் ஸ்டேஷனிலிருந்து எங்கள் சந்து வழியாகத்தானே வரவேண்டும்?

“பொம்பளப்புள்ள மதினி!” என்று தூரத்திலிருந்தே கத்தினார். “ஆறு பவுண்டாம், என் மூக்காம், நேத்துலேர்ந்து நீங்கதான் தூங்கவே இல்லையாம்!”