உப்புத் தண்ணீரில் உரிந்த முத்து

என் தாத்தா முத்துக்குளித்தவர். அவர் பேத்தி நான், தூத்துக்குடியிலேயே போலி முத்துமாலை வாங்கி ஏமாந்தேன்.

மாலையோடு கடலில் இறங்கி, கண்ணை மூடி மிதந்துகொண்டிருந்தேன். கண் திறந்தபோது முத்துகளின் பளபளப்பு மெல்லிய தோலாக உரிந்து, அலையோடு போய்க்கொண்டிருந்தது. உள்ளே வெறும் பிளாஸ்டிக்.

வெட்கத்தில் ஒரு வாரம் யாரிடமும் சொல்லவில்லை. பிறகு நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். எடுத்த பெண், "பில் இருக்காம்மா?" என்றாள்.

"தெரிஞ்ச அண்ணாச்சி கடை. அவங்ககிட்ட போயி எப்படி பில்லு கேக்கது? மரியாதையா இருக்காதுல்லா?"

அவள் சிரிக்கவில்லை. "போன்ல பணம் அனுப்பின மெசேஜ் இருந்தா அதுவும் சாட்சிதான். புகார் பதிஞ்சிடலாம். கடைக்காரர் சரிபண்ணலேன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்க."

புகார் போன சில நாளில் அண்ணாச்சியே கடைக்குக் கூப்பிட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். கண்ணாடிப் பெட்டியில் அதே மாதிரி இன்னொரு மாலை மினுங்கியது.

"அதைத் தாங்க அண்ணாச்சி, பில்லோட" என்றேன்.

வெகுநேரம் பேனாவையே பார்த்தவர், 'பிளாஸ்டிக் மணி' என்று எழுதினார். விலையும் தானாகக் குறைந்தது.

என் நகைகளில் எனக்கு மிகப் பிடித்தது அந்த மாலைதான். கடலில் இறங்கும்போது மட்டும் கழற்றி வைத்துவிடுகிறேன்.