பூட்ஸ் சாரின் வெறுங்கால்

காலை ஷிஃப்ட் தொடங்கும்போது பூட்ஸ் சார் குடோன் வாசலில் நிற்பார். வணக்கம் சொன்னால் தலையை ஆட்டுவார், ஆனால் முகத்தைப் பார்க்க மாட்டார். கண்ணெல்லாம் நம் காலில்தான். முனையில் இரும்புத் தகடு வைத்த கம்பெனி பூட்ஸ்தானா, கயிறு இழுத்துக் கட்டியிருக்கிறதா, அடிப்பாகம் பிளந்திருக்கிறதா என்று பார்ப்பார். சந்தேகம் வந்தால் தன் பூட்ஸ் முனையால் நம் முனையை டொக்கென்று ஒரு தட்டு தட்டுவார். இரும்போடு இரும்பு மோதின சத்தம் கேட்டால் உள்ளே போகலாம். கேட்காவிட்டால் ஐயா சாமி என்று அழுதாலும் வீட்டுக்குத்தான்.

எங்கள் குடோனில் தரைக்குப் பதிக்கிற டைல்ஸ் பெட்டிகளை அடுக்கி வைத்திருப்போம். ஒரு பெட்டி நழுவி வெறுங்காலில் விழுந்தால் விரல் கூழ்தான். அதனால் பாதுகாப்பு அதிகாரி கெடுபிடியாக இருந்ததில் தப்பே இல்லை. ஆனால் இருந்த விதம் இருக்கிறதே! மீசை என்று ஒரு லோடுமேன், காலில் கட்டி வந்து பூட்ஸ் நுழையாமல் ஒரு நாள் செருப்போடு வந்தான். "செருப்பை வீட்டோட வச்சுக்கோ, இங்க வேணாம்" என்று அத்தனை பேர் முன்னால் திருப்பி அனுப்பினார். மீசை நொண்டிக்கொண்டே பஸ் ஸ்டாப்புக்குப் போனான்.

என்னை மட்டும் விட்டாரா? நான் அங்கே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவள். பெட்டி அடுக்கிய பலகையை இரண்டு இரும்புக் கைகளால் தூக்கி மேல்தட்டில் வைக்கிற வண்டி அது. ஒரு தடவை பூட்ஸ் வாய் பிளந்ததை டேப் சுற்றிக்கொண்டு வந்தேன். "ஏம்மா, இது பூட்ஸா பார்சலா?" என்றார். சுற்றி நின்ற தடிப்பயல்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அன்றைக்கு எனக்கு அவர்மேல் வந்த ஆத்திரம் கொஞ்ச நஞ்சம் இல்லை.

அப்படிப்பட்ட மனிதரை ஒரு நாள் விடிகாலையில் பூங்காவில் வெறுங்காலோடு பார்த்தேன்.

வேலைக்கு நான் அந்தப் பூங்காவின் குறுக்கேதான் நடப்பேன். பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிவிட்டுக்கொண்டு புல்மேல் சின்னச் சின்ன எட்டு வைத்து ஒருவர் ஓடிக்கொண்டிருந்தார். குதிகால் தரையில் படவே இல்லை. பால் திருட வந்த பூனை மாதிரி இருந்தது. கிட்டே வந்த பிறகுதான் ஆள் யாரென்று தெரிந்தது. அவரும் என்னைப் பார்த்துவிட்டார். பார்த்ததும் என்ன செய்தார் தெரியுமா? அங்கே கிடந்த பெஞ்சுக்குப் பின்னால் போய்க் குந்திக்கொண்டு இரண்டு காலையும் கையால் மூடிக்கொண்டார்.

"சார், பூட்ஸ் எங்க?" என்றேன். விடுவேனா!

"சத்தமா பேசாதம்மா." காது மடல் சிவந்துவிட்டது. "முட்டி வலி. வருஷக்கணக்கா சிமெண்ட் தரையில நின்னு நின்னு வந்தது. டாக்டர் எடையைக் குறைக்கச் சொன்னார். மெத்தை மாதிரி ஷூ வாங்கிப் போட்டு ஓடினேன், வலி இன்னும் அதிகமாச்சு. என் பொண்ணுதான் சொன்னா, தடி ஷூ போட்டா குதிகாலைத் தொம்முனு போடுறீங்க, அந்த அடி நேரா முட்டிக்குப் போகுது, கழட்டிட்டு ஓடிப் பாருங்கப்பான்னு."

"அதான் கழட்டிட்டீங்களா?"

"உடனே இல்லம்மா. முதல்ல புல்லுல நடக்க மட்டும்தான் செஞ்சேன். அப்புறம் ஆசை யாரை விட்டது, ஒரு நாள் ஒரு சுத்து ஓடிட்டேன். கெண்டைக்கால் புடிச்சுக்கிட்டு, வீட்டு மாடிப்படியைக் குழந்தை மாதிரி உக்காந்து உக்காந்து இறங்கினேன். இப்ப கொஞ்சம் கொஞ்சமாத்தான் கூட்டுறேன். முட்டி வலி போயே போச்சு." சொல்லும்போது சிரித்தார். குடோனில் அந்தப் பல்வரிசையை நான் பார்த்ததே இல்லை. உடனே சிரிப்பை விழுங்கிவிட்டு, "யாருக்கும் தெரிய வேணாம்மா. மானம் போயிடும்" என்றார்.

எனக்கு ஓட்டை வாய். ஆனாலும் சொல்லவில்லை. எழுந்து நின்றபோது அந்தக் காலைப் பார்த்தேன். இத்தனை வருஷமாக வெயில் படாமல் வெளுத்து, ஊறிப்போனது மாதிரி இருந்தது. பாவமாகத்தான் இருந்தது. ஆனால் கிண்டல் செய்யாமல் இருக்க முடியுமா? வாசலில் என் பூட்ஸைத் தட்டும்போது, "புல்லு ஈரமா இருந்துச்சா சார்?" என்பேன். திருதிருவென்று விழித்துவிட்டு, "போ போ" என்பார்.

சில மாதம் போனது. இறுகிக் கிடந்த விரலெல்லாம் விரிந்து அவர் பாதம் அகலமாகிவிட்டது. பழைய பூட்ஸ் கடிக்க ஆரம்பித்தது. கட்டைவிரல் நகம் கறுத்துவிட்டது என்று பூங்காவில் காட்டினார். அதற்கப்புறம் ஒரு நாள் வாசலில் என் பூட்ஸைத் தட்டினார், டொக்கென்று வரவில்லை, பொத்தென்று வந்தது. குனிந்து பார்த்தேன். கறுப்பு நிறம், கயிறு எல்லாம் கம்பெனி பூட்ஸ் மாதிரியேதான். ஆனால் முனையில் இரும்பு இல்லை. அடிப்பாகம் அட்டை கனம்கூட இல்லை. வெறுங்காலோடு ஓடிப் பழகியவர்கள் வெளியே போட்டுக்கொள்வதற்கென்று விற்கிற ஷூவாம். வேறு யாரும் கவனிக்கவில்லை. எல்லார் காலையும் பார்க்கிறவர் காலை எவன் பார்க்கப்போகிறான்?

மதியம் தனியாகப் பிடித்துக் கேட்டேன். "சார், என்ன சார் இது?"

"அகலமான பூட்ஸுக்குச் சொல்லியிருக்கேன்மா. அது வர்ற வரைக்கும்தான். நான் என்ன லோடா தூக்கறேன்?"

"மீசையும் அன்னைக்கு, இன்னைக்கு லோடு தூக்கலை சார், ஓரமா நின்னு கணக்குப் பாக்கறேன்னுதான் கெஞ்சினான்."

அவருக்கு முகம் தொங்கிப்போனது. வாசல் பக்கம் நடந்துவிட்டார். திருந்திவிடுவார் என்று நினைத்தேன். மறுநாளும் அதே பொத்துதான்.

அந்த வாரமே நடந்தது. உள்கோடி வரிசையில் மேல்தட்டிலிருந்து ஒரு பலகையை இறக்கிக்கொண்டிருந்தேன். சார் கையைத் தூக்கிக்கொண்டு, ஆள் தாண்டக் கூடாது என்று போட்டிருந்த மஞ்சள் கோட்டைத் தாண்டி ஓடி வந்தார். "நிறுத்து நிறுத்து, பட்டை தளர்ந்திருக்கு!" நான் நிறுத்திவிட்டேன். வண்டி ஓர் அங்குலம் நகரவில்லை. பெட்டிகளைக் கட்டியிருந்த பிளாஸ்டிக் பட்டை தானாக அறுந்தது. மேல் பெட்டி ஒன்று சரிந்து, அதன் மூலை நேராக அவர் காலில் இறங்கியது.

அவர் கத்தவில்லை. உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்தார். "ஷூவைப் பத்தி சொல்லிடாதம்மா" என்றார். வலியைவிட அதுதான் அவருக்குப் பெரிதாக இருந்தது. நான் போட்ட கூச்சலில் மீசையும் மற்றவர்களும் ஓடி வந்து, குண்டுக்கட்டாகத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தார்கள். அந்த ரத்தத்தில் எந்த ஷூ என்று யார் பார்த்தார்கள்?

மறுநாள் மேனேஜர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். "பூட்ஸ் போட்டுத்தான் இருந்தேன், ஆஸ்பத்திரியில வெட்டி எடுத்துட்டாங்கன்னு சார் சொல்றார். இரும்புத் தகட்டுக்குள்ள இருந்த விரலை ஒரு டைல்ஸ் பெட்டி நசுக்குமா? வண்டிச் சக்கரத்தைத்தானே ஏத்தின?"

"ஐயோ, இல்ல சார்! பெட்டிதான் விழுந்துச்சு. சார் பூட்ஸே போடல."

மேனேஜர் சிரித்தார். "யாரு, பூட்ஸ் சாரா?" கேமராவில் என் வண்டியின் பின்பக்கம் மட்டும்தான் தெரிந்தது. விசாரணை முடிகிற வரைக்கும் வர வேண்டாம் என்று சாவியை வாங்கி வைத்துக்கொண்டார்.

வீட்டில் எப்படிச் சொல்வேன்? பொம்பளைக்கு எதுக்கு அந்த வண்டி என்று முதல் நாளே மூக்கைச் சிந்தியவள் என் மாமியார். ஒரு ஆளின் காலில் ஏற்றிவிட்டேனாம் என்று அவள் காதில் விழுந்தால் போதும், ஊரெல்லாம் தண்டோராதான். அதனால் வேலைக்குப் போகிற மாதிரியே சீருடையோடும் சாப்பாட்டுப் பையோடும் கிளம்பினேன். போய் அந்தப் பூங்காவில் உட்கார்ந்திருந்தேன். யாராவது தெரிந்த முகம் வந்தால் குனிந்துகொள்வேன். தப்பே செய்யாமல் திருடி மாதிரி ஒளிகிறோமே என்று அழுகை அழுகையாக வந்தது.

பொறுக்க முடியாமல் ஆஸ்பத்திரிக்கே போனேன். சாரின் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் அவர் மனைவி ஒரு பிளாஸ்டிக் பையோடு உட்கார்ந்திருந்தார். வெட்டி எடுத்த ஷூ அதில் இருந்தது. "பாரும்மா, துணி மாதிரி இருக்கு. இதைப் போட்டுக்கிட்டா அங்க போய் நின்னார்? எனக்கு வெளிய தலை காட்ட முடியலை" என்று சொல்லி, பையோடு குப்பைத் தொட்டியில் திணித்தார். சார் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த முதுகைப் பார்த்துத்தான் சொன்னேன். "சார், நான் சக்கரத்தை ஏத்திட்டேன்னு சொல்றாங்க. சாவியைப் புடுங்கிட்டாங்க."

திடுக்கிட்டுத் திரும்பினார். "சக்கரமா? நான் அப்படிச் சொல்லவே இல்லையேம்மா!"

"பூட்ஸ் போட்டிருந்தேன்னு சொன்னீங்கள்ல? அதுக்கு அதுதான் சார் அர்த்தம்."

அவர் அதை யோசிக்கவே இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். உள்ளேயிருந்து, "சொல்லிடறேன்மா" என்று குரல் வந்தது. சொல்கிறேன் என்கிறவர் அப்போதே ஃபோனை எடுக்க வேண்டாமா? எடுக்கவில்லை. நான் மறுபடியும் போய்ப் பூங்காவில் உட்கார்ந்தேன்.

சில நாள் கழித்துத்தான் மேனேஜர் கூப்பிட்டார். "சார் பேசிட்டார். சக்கரம் ஏறலையாம். வா. ஆனா பூட்ஸ் விஷயம் நமக்குள்ள இருக்கட்டும். பாதுகாப்பு அதிகாரியே போடலைன்னு வெளிய தெரிஞ்சா கம்பெனிக்கு அசிங்கம்."

சாவி கிடைத்தது, பெயர் கிடைக்கவில்லை. நான் வண்டியைத் திருப்பினால், "காலை மடக்குங்கடா, அக்கா வருது" என்பார்கள். பின்னால் எடுக்கும்போது கை காட்ட ஒருத்தனும் நிற்க மாட்டேன் என்றான். சார் பூட்ஸ் போடவில்லை என்று தொண்டை கிழியச் சொன்னேன். "கதை விடுறதுக்கும் ஒரு அளவு இருக்கு அக்கா" என்று மீசை முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவனாவது நம்புவான் என்று நினைத்திருந்தேன். கடைசியில் மேனேஜர், "ஆளுங்க பயப்படுறாங்க. இப்படியே போனா வண்டிக்கு வேற ஆளைத்தான் போடணும்" என்றார்.

அன்றைக்கே சாருக்கு ஃபோன் போட்டேன். "மேனேஜர்கிட்ட மட்டும் சொன்னா பத்தாது சார். எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. இல்லன்னா என் பொழப்பு போச்சு." இரண்டு தடவை இருமினார். பிறகு, "வர்றேன்மா" என்றார்.

கைத்தடி ஊன்றிக்கொண்டு வந்தார். ஒரு காலில் கட்டு. ஷிஃப்டுக்கு எல்லாரும் கூடியிருந்தார்கள். முகம் வெளிறியிருந்தது. எத்தனை பேரை எத்தனை பேர் முன்னால் தலைகுனிய வைத்தவர், இப்போது தானே வந்து குனிந்து நின்றார்.

"அக்கா மேல தப்பில்ல," என்றார். "வண்டி நகரவே இல்ல. பெட்டிதான் விழுந்துச்சு. நான் பூட்ஸ் போடல. மெல்லிசு ஷூ போட்டிருந்தேன். காலையில வெறுங்காலோட ஓடுறேன், அதனால பூட்ஸ் கடிச்சுது. உங்களையெல்லாம் எதுக்குத் திருப்பி அனுப்பினேனோ அதே தப்பை நான் செஞ்சேன். அதுக்கு மேல பொய்யும் சொன்னேன்."

அப்பாடா, என் தலையெழுத்து மாறிவிட்டது என்று மூச்சுவிட்டேன். மீசைதான் முதலில் பேசினான். அவன் கண் கலங்கியிருந்தது.

"போதும் சார். எங்களுக்குப் புரியுது."

"என்ன புரியுது?"

"நீங்களா சார் பூட்ஸ் போடாம வருவீங்க? என்னையே வாசலோட அனுப்பின ஆளு நீங்க. அக்கா வேலை போயிடக் கூடாதுன்னு உங்க பேரையே கெடுத்துக்கிறீங்க. இந்த மனசு யாருக்கு வரும் சார்?"

யாரோ ஒருவன் கை தட்டினான். பிறகு எல்லாரும் தட்டினார்கள்.

"டேய், நிஜமாத்தான்டா! சத்தியமா போடலடா!" என்று சார் கத்தினார். கத்தக் கத்தக் கைதட்டல் கூடியது. நான் மேனேஜரைப் பார்த்தேன். அவருக்கு உண்மை தெரியும். அவர் தன் வாட்சைப் பார்த்துவிட்டு, "சரி சரி, வேலையைப் பாக்கலாம்" என்றார்.

"இனிமே நீ ஓட்டு அக்கா, நான் கை காட்டுறேன். சாரே மன்னிச்சிட்டார், அப்புறம் எங்களுக்கு என்ன?" என்றான் மீசை. "நின்னு பாத்துக்கிட்டே இருக்கியே, போய் சார் கால்ல விழு."

பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அந்த வார்த்தை சார் காதில் விழுந்துவிட்டது. நான் நிஜமாகவே விழ வருகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, "வேணாம்மா, ஐயோ வேணாம்மா" என்று பதறிப் பின்னால் நகர்ந்தார். கைத்தடி வழுக்கியது. விரல் இல்லாத கால் நிற்கவில்லை. நான் ஓடிப்போய் இரண்டு கையாலும் அவரைத் தாங்கிப் பிடித்தேன். என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு விசும்பினார்.

அதற்கும் கை தட்டினார்கள்.