ரூபனின் குரலுக்குப் பின்னால் கூவியது

போன சனிக்கிழமை மகள் சமையலறை மேசையில் மடிக்கணினியை விரித்து வைத்து, பள்ளிக்கூட விழாவுக்கு ஒரு பாட்டை மிக்ஸ் செய்துகொண்டிருந்தாள். எங்கிருந்தோ இறக்கிய தபேலாத் துண்டு ஒன்றை இழுத்துப் போட்டாள். கொம்பியூட்டர் ஒரு கேள்வியும் கேட்காமல் அதை விழுங்கிக்கொண்டது. எனக்குப் பொறுக்கவில்லை. "உது வேற சாம்பிள் ரேற் எல்லோ பிள்ளை? எந்தத் தரத்தில மாத்துறது எண்டு கேக்கேல்லையோ?" என்றேன். அவள் நிமிராமலே, "அப்பா, இற் ஜஸ்ற் டஸ் இற். உதையெல்லாம் இப்ப ஆர் கேக்கிறது?" என்றாள்.

நியாயமான பேச்சுத்தான். ஆனால் எனக்குக் காதெல்லாம் சுட்டது. ஏன் என்று அவளுக்குச் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்லலாம் போலிருக்கிறது.

எங்கள் காலத்தில் அது கேட்கும். திரையில் சின்னப் பெட்டி ஒன்று திறந்து ஃபாஸ்ற், குட், பெஸ்ற் என்று மூன்று தெரிவு காட்டும். விஷயம் பெரிதாக ஒன்றுமில்லை. கொம்பியூட்டருக்குள் சத்தம் இருப்பது கோலத்துக்குக் குத்திய புள்ளிகளாகத்தான். ஒரு கருவி குறைவாகக் குத்தும், இன்னொன்று நெருக்கமாகக் குத்தும். ஒன்றில் பதிந்ததை மற்றதில் போடவேண்டுமானால் இடையில் புதிய புள்ளிகளைக் கண்டுபிடிக்க வேண்டும். ஃபாஸ்ற் என்றால் அவசரத்தில் நேர்கோடு இழுத்துவிட்டுப் போகும். பெஸ்ற் என்றால் நின்று யோசித்து வளைவு போடும். யோசித்து முடிய எங்கள் பழைய கொம்பியூட்டருக்கு ஒரு யுகம் வேண்டும்.

"எங்கள்" என்றது குகன் அண்ணையின் ஸ்ரூடியோவை. நாங்கள் புலம்பெயர்ந்து வந்த நகரத்தில், அஜின்கோர்ட் பக்கம் ஒரு கடைத்தொகுதியின் நிலக்கீழ் அறை. மேலே ரேக்-அவுட் சாப்பாட்டுக் கடை. மட்டன் ரோல் பொரிக்கிற வாசம் காற்றுக் குழாய் வழியாக நேரே மைக்குக்கு முன்னால் இறங்கும். பக்திப் பாட்டுப் பாட வந்தவர்கள் நடுச்சரணத்தில் எச்சில் விழுங்கியிருக்கிறார்கள். விரதக்காரர்களை அந்த நாட்களில் கூப்பிடுவதில்லை என்று குகன் அண்ணை ஒரு விதியே வைத்திருந்தார்.

கல்யாண வீடியோ, பெண்பிள்ளை பெரியவளானால் செய்யும் சாமத்திய வீட்டு வீடியோ, அரங்கேற்றப் பாட்டு, இவைதான் தொழில். நான் கொலிஜில் பாதியில் விட்ட படிப்போடு வந்து சேர்ந்தவன். ஆனாலும் அட்டையில் ஓடியோ இஞ்சினியர் என்று அடித்து வைத்திருந்தேன். சென்னையில் பதிந்த அரங்கேற்ற இசை வந்தால் பெற்றோரை இருத்தி வைத்து வகுப்பெடுப்பேன். "அங்கிள், உதை ஃபாஸ்ற்றில மாத்தினா ஜதியின்ரை மினுக்கமே போயிடும். பெஸ்ற்றிலதான் போடவேணும்." ஒருவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பி, எங்கட மகள் ஆடுற ஆட்டத்துக்கு எதிலை போட்டாலும் சரிதான்" என்றார். குகன் அண்ணை சிரித்துக் களைத்துப் போனார்.

அப்படியிருக்கத்தான் ஊரில் யுத்தத்தின் கடைசி மாதங்கள் வந்தன. கல்யாணங்களை ஆட்கள் தள்ளி வைத்தார்கள். முடியாதவர்கள் மேளம் இல்லாமல் ஒளித்து வைத்துச் செய்தார்கள். எங்கே போனாலும் ஒரே கேள்வி: "உங்கட ஆக்கள் ஆரும் அங்கை இருக்கினமோ?" எங்கள் வீட்டில் எல்லோரும் முன்னரே விமானம் ஏறி வந்தவர்கள். "இல்லை" என்று சொல்லும்போது குரல் தானாகத் தணிந்துவிடும். பாதுகாப்பாக இருப்பதற்கு ஒரு மனிதன் கூச்சப்படுவான் என்று அப்போதுதான் தெரிந்தது.

அங்கே ஆள் இருந்த வீடுகளில் ஒரு வழக்கம் உண்டாகியிருந்தது. சண்டை நடந்த வன்னியிலிருந்து சற்றலைட் போனில் அழைப்பு வந்தால் உடனே ஸ்பீக்கரில் போடுவார்கள். பக்கத்தில் குரல் பதியும் கையடக்க ரெக்கோடர். லண்டனிலும் பாரிசிலும் இருக்கிற சகோதரங்கள் கேட்கவேண்டும் அல்லவா? அதைச் சீடியில் போட்டு அனுப்புவார்கள். அந்தச் சீடிகளை நாங்கள் அடித்துக் கொடுத்தோம். குகன் அண்ணை அதற்குக் காசு வாங்குவதில்லை.

பவளம் அன்ரி அப்படித்தான் வந்தார். மகளோடு இங்கே இருந்தார். மகன் ரூபன் அங்கே. கனநாள் சத்தமில்லாமல் இருந்துவிட்டு அங்கிருந்து கோல் எடுத்திருக்கிறான். ரெக்கோடரைக் கைலேஞ்சித் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். "தம்பி, லண்டனிலை என்ரை தம்பிக்கும் ஒண்டு அனுப்பவேணும். வடிவாப் போட்டுத் தாரும்" என்றார்.

எனக்கு அன்று ஒரு சாமத்திய வீட்டு வீடியோ அவசரம். ரெக்கோடரோ மிகக் குறைந்த புள்ளிகளில் பதிவது. கொம்பியூட்டர் வழக்கம்போலக் கேட்டது. போன் குரல்தானே என்று ஃபாஸ்ற்றை அழுத்தினேன். ஜதிக்கு மினுக்கம் போகக்கூடாது என்று ஊருக்கு வகுப்பெடுத்தவன், குண்டுக்கு நடுவிலிருந்து வந்த குரலை அவசரத்தில் மாற்றினேன். ஒருதரம் போட்டுக் கேட்கக்கூட இல்லை.

கொஞ்ச நாளில் அன்ரி மகளின் கையைப் பிடித்தபடி படியிறங்கி வந்தார். முகம் வீங்கியிருந்தது. லண்டன் தம்பி சீடியைப் பெரிய ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டிருக்கிறார். ரூபன் பேசி முடிகிற இடத்தில் பின்னால் மெல்லிய விசில் ஒன்று மேலிருந்து கீழே இறங்குகிறது. அதோடு லைன் அறுகிறது. "அக்கா, ஷெல் கூவுது" என்று போனிலேயே அழுதிருக்கிறார்.

"அவன் கதைக்கேக்கையே உது அவனிலை விழுந்ததோ தம்பி?" என்று அன்ரி கேட்டார்.

போட்டுப் பார்த்தேன். உடனே விளங்கிவிட்டது. ஃபாஸ்ற்றில் மாற்றினால், உள்ள சத்தங்களின் நிழல் மேல் சுருதியில் தலைகீழாக விழும். லைனின் மெல்லிய ரீங்காரம் கடைசியில் சுருதி ஏறியிருந்தது. அதன் நிழல் விசிலாக இறங்கியது. ரெக்கோடரில் அப்படியொன்று இல்லவே இல்லை. "அன்ரி, உது ஷெல் இல்லை. என்ரை கொம்பியூட்டர் போட்ட சத்தம்" என்றேன்.

அவர் நம்பவில்லை. "என்னைத் தேத்துறதுக்குச் சொல்லுறீர்."

ரெக்கோடரை வாங்கித் திரும்பவும் ஏற்றினேன். இந்த முறை பெஸ்ற். திரையில் பச்சைக் கோடு ஊர்ந்தது. மேலே ரோல் பொரிந்தது. அன்ரி கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் ஸ்பீக்கரில் போட்டேன். விசில் இல்லை. "அம்மா, சாப்பிட்டனீங்களோ? நான் பிறகு எடுக்கிறன்" என்ற குரல் மட்டும். பிறகு லைன் அறுகிற சின்ன 'டிக்'.

அன்ரி அழுதார், அழுகையினூடே சிரித்தார். "அப்ப ஒண்டும் விழேல்லை?"

வகுப்பெடுக்கிற அதே குரலில் சொன்னேன்: "ஓம் அன்ரி. ஒண்டும் விழேல்லை."

அவர் படியேறிப் போன பிறகு குகன் அண்ணை கமராவைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "விசில் உன்ரை பிழை எண்டது சரி. விழேல்லை எண்டு உனக்கு எப்பிடியடா தெரியும்?"

எனக்குத் தெரியாது. டெலிபோன் பேச்சை மட்டும் கடத்தச் செய்த ஒடுங்கிய பாதை. அதற்கு அப்பால் என்ன சத்தம் கேட்டிருந்தாலும் அது வந்தும் இருக்கலாம், வராமலும் இருக்கலாம். லைன் அறுந்த பின் நடந்ததை எந்த மென்பொருளும் சொல்லாது. "விசில் என்னுடையது, மற்றது எனக்குத் தெரியாது" என்று சொல்லியிருக்க வேண்டும். அன்ரியின் முகத்தைப் பார்த்ததும் வாய் முந்திக்கொண்டது. இரக்கம் என்று சொல்லத்தான் ஆசை. என் பிழையை நானே திருத்திவிட்ட பெருமையும் அதில் பாதி இருந்தது.

யுத்தத்தை நிறுத்தச் சொல்லி டவுன்ரவுனில் சனம் குளிருக்குள் கைகோத்து நின்ற நாட்களில் ஒருமுறை அன்ரியைக் கண்டேன். மகளின் பெரிய ஜக்கெற்றுக்குள் நின்றுகொண்டு பக்கத்துப் பெண்ணிடம், "ஸ்ரூடியோத் தம்பி மெசினிலை போட்டுப் பாத்துச் சொன்னவர், ஒண்டும் விழேல்லையாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் முன்னால் நின்றவரின் பதாகைக்குப் பின்னால் போய் மறைந்துகொண்டேன். அதன்பின் மே மாதம் வந்தது, எல்லாம் முடிந்தது. ரூபன் பிறகு கோல் எடுக்கவில்லை. முகாம்களில் தேடினார்கள், வெளியே வந்தவர்களிடம் விசாரித்தார்கள். கண்டதாக ஒருவரும் சொல்லவில்லை.

இப்போது அந்த நிலக்கீழ் அறையில் கணக்கு ரியூசன் நடக்கிறது. ரேக்-அவுட் கடை பூட்டியாயிற்று. குகன் அண்ணை பிக்கரிங்கில் இருந்துகொண்டு வீடு விற்கிறார். சீடி போட வீட்டிலும் வழியில்லை, காரிலும் வழியில்லை. மூன்று தெரிவு கேட்ட அந்தப் பெட்டியும் போய்விட்டது.

போன வருடம் ஸ்ரௌவ்வில்லில் ஒரு வீடு குடிபூரலுக்குக் குகன் அண்ணை என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அவர் விற்ற வீடு. போய் இறங்கிய பிறகுதான் அது பவளம் அன்ரியின் மகள் வாங்கியது என்று தெரிந்தது. அன்ரி நன்றாக மெலிந்திருந்தார். என்னைக் கண்டதும் கையைப் பிடித்துச் சாமியறைக்குக் கூட்டிப் போனார். கணவரின் படத்துக்கு மாலை போட்டிருந்தது. பக்கத்தில் ரூபனின் படம், மாலை இல்லாமல்.

"சொந்தக்காரர் எல்லாரும் அவனுக்குத் திவசம் செய்யச் சொல்லித்தான் நிக்கினம். நான் விடேல்லை" என்றார். "ஒண்டும் விழேல்லை எண்டு நீர் சொன்னனீர் எல்லோ."

அவர் என்னை இருத்தி, தன் கையாலேயே சாப்பாட்டுக் கோப்பையில் ஒரு வடை வைத்து, "வடிவாச் சாப்பிடும் தம்பி" என்றார். வெட்கத்தில் நிமிர முடியாமல், குனிந்தபடி அதைச் சாப்பிட்டு முடித்தேன்.