ஆறு நாள், ஆறு தலைவி

எங்கள் பெண்கள் கல்லூரியின் மாணவியர் பேரவை வரலாற்றை ஆண்டுமலருக்காக ஒரு பக்கத்தில் எழுதித் தரச் சொன்னார்கள். ஒரு பக்கம் எதற்கு, நாலு வரி போதும். எங்களுக்கு முன்பு தலைவியை முதல்வர் மேடமே பொறுக்குவார். விருந்தினர் கழுத்துக்கு மாலை எட்டுகிற உயரம், நன்றியுரைக்குக் கொஞ்சம் இங்கிலீஷ், இவ்வளவுதான் தகுதி. அதிகாரம் என்று பார்த்தால் பன்னீர்ச் செம்பு ஒன்று. எங்களுக்குப் பிறகும் அதே கதைதான். நடுவில் ஆறே நாள் எங்கள் ஆட்சி.

அந்த வருஷம் எப்படியோ தேர்தல் வந்தது. கடைசி வருஷத்தில் பழவேற்காட்டுப் பக்கத்துப் பெண்கள் ஆறு பேர் இருந்தோம். பொன்னேரியில் நாலு மணி பஸ்ஸை விட்டால் வீடு சேர இருட்டிவிடும். அதனால் கடைசி வகுப்புக்குத் தினமும் மட்டம். வருகை குறைந்து, ஆறு பேருக்கும் ஹால் டிக்கெட் கிடையாது என்றார்கள். அதில் ஒருத்தி கோட்டைக்குப்பத்துக்காரி, என் உயிர்த் தோழி. "பரிச்ச எழுதலன்னா மாப்ள ரெடி" என்று அவள் நைனா கறாராகச் சொல்லியிருந்தார். முதல்வர் கையெழுத்துப் போட்டால் தீரும். தலைவியே போய்க் கேட்டால் போடாமலா இருப்பார்?

யார் நிற்பது? ஏரியில் நல்ல இடத்தில் யார் வலை போடுவது என்பதை எங்கள் ஊர் ஆம்பளைகள் சீட்டுக் குலுக்கி, ஆளுக்கொரு நாள் என்று முறை வைத்துக்கொள்வார்கள். அதற்குப் பாடு என்று பேர். எங்களுக்குத் தெரிந்த ஜனநாயகம் அதுதான். என் பெயரில் நின்றோம். ஆளுக்கொரு நாள் தலைவி என்று சொல்லியே ஓட்டுக் கேட்டோம். சிரித்துக்கொண்டே ஜெயிக்க வைத்தார்கள், பாவிகள்.

முதல் பாடு எனக்கு. ஆறு பேருக்குமாக எழுதிய மனுவை மேடத்திடம் நீட்டினேன். மேடம் கண்ணாடியை இறக்கிப் பார்த்து, "உனக்கு மட்டும் போட்டுத் தரேன். வெளிய சொல்லாதே" என்றார். சொரணை கெட்டவள் நான், "தேங்க்ஸ் மேடம்" என்று வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். மரத்தடியில் காத்திருந்தவர்களிடம், "நாளைக்கு வரச் சொன்னாங்கடி" என்றேன். மறுநாள் போனவளும் அதையே வந்து சொன்னாள். அடுத்தவளும் அப்படியே. ஐந்து நாள் ஓடிவிட்டது. "இன்னாடி இது, அந்தம்மாக்கு மனசே இல்லியா?" என்று பொங்கியவள் என் தோழி ஒருத்திதான்.

ஆறாம் நாள் அவள் பாடு. மரத்தடியில் இருப்புக் கொள்ளாமல் நாங்கள் ஐந்து பேரும் கதவோரம் போய் நின்றோம்.

"உனக்கு மட்டும் போட்டுத் தரேன்" என்றார் மேடம்.

"எனக்கு மட்டும் வாணாம் மேடம். போட்டா ஆறு பேருக்கும் போடுங்க. இல்லன்னா நானும் எழுதல."

மேடம் சிரித்தார்.

"மத்த அஞ்சு பேரும் எப்பவோ வாங்கிட்டுப் போய்ட்டாங்களேம்மா."

நாங்கள் ஐந்து பேரும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கவில்லை. மேடத்தின் கையெழுத்தை வாங்கிக்கொண்டு அவள் வெளியே வந்தாள். திட்டுவாள் என்று நின்றேன். திட்டித் தொலைத்திருக்கலாம். எங்களைத் தாண்டி நடந்தாள். தினமும் பஸ்ஸில் முண்டியடித்து ஏறி எனக்கு இடம் பிடித்து வைப்பவள், அன்று பக்கத்து சீட்டில் ஒரு மீன்கூடைக்கார அம்மாவைக் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொண்டாள். நான் ஊர் வரைக்கும் நின்றுகொண்டே போனேன்.