பிக்கெட்டின் வேனில் ஏறிய கடைசி வாக்காளர்

மிசிசிப்பியில் எங்கள் தேவாலய வேனை ஓட்டும் லாவெல் பிக்கெட், தேர்தல் நாளில் ஊரில் பாதிப் பேரை வாக்குச்சாவடியில் கொண்டுபோய் இறக்குவார். தான் மட்டும் இறங்கமாட்டார்.

பல வருடங்களுக்கு முன் அவரும் டஸ்டின் என்ற வெள்ளைக்காரக் கூட்டாளியும் யாருடைய தோப்பிலோ பைன் மரங்களை வெட்டி, ஒரே லாரியில் ஏற்றிப்போய் ஒன்றாக மாட்டினார்கள். அது தேர்தல் வருடம்; எங்கள் ஊரில் நீதிபதியும் ஓட்டு வாங்கித்தான் பதவிக்கு வரவேண்டும். கண்டிப்பானவர் என்று பெயரெடுக்க நீதிபதி ஹோல்கமுக்கு ஒரு குற்றவாளி போதுமாக இருந்தது. டஸ்டினுக்கு அத்துமீறி நுழைந்ததற்கு அபராதம். கறுப்பரான லாவெலுக்கு மரத்திருட்டு என்று மூன்று வருடச் சிறை. எங்கள் மாநிலத்தில் போதைமருந்து விற்று உள்ளே போனவர் வெளியே வந்து ஓட்டுப் போடலாம். மரம் திருடியவருக்குச் சட்டசபை மனமிரங்கித் தனி மசோதா போட்டால்தான் உண்டு. அது இன்னும் இரங்கவில்லை.

டஸ்டினின் வீட்டையோ புது லாரியையோ லாவெல் ஏறிட்டும் பார்த்ததில்லை. அபராதத்தோடு தப்பியவரிடம் தங்கிவிட்ட அந்த ஓட்டின் மேல்தான் கண்.

போன தேர்தலில் ஹோல்கம் மறுபடியும் நின்றார். இழுபறி என்று பேச்சு. மாலையில், லாரி பழுதாகி வழியில் நின்ற டஸ்டின் வேனில் தொற்றிக்கொண்டார்.

"யாருக்குடா போடப்போற?" என்றார் லாவெல்.

"ஹோல்கமுக்குத்தான். என்னை விட்டாருல்ல? நன்றி வேணாமா?"

"உனக்கு விட்டதையும் சேத்து எனக்குல்ல குடுத்தாரு!"

சாவடிக்குள் போன வேகத்தில் டஸ்டின் திரும்பி வந்தார். "லைசென்ஸை வீட்லயே வச்சிட்டேன். போட்டோ அட்டை இல்லாம விடமாட்டாங்களாம். போகுது போ, அடுத்த தடவை பாத்துக்கலாம். பசிக்குது, வண்டிய எடு."

ஹோல்கமுக்கு ஓர் ஓட்டுக் குறைந்தது. லாவெல் பேசாமல் வண்டியைக் கிளப்பியிருக்கலாம். ஆனால் அந்தப் 'போகுது போ' அவர் வயிற்றெரிச்சலைக் கிளப்பிவிட்டது.

"எனக்கு ஓட்டு ஒண்ணு கிடைச்சா தலகாணிக்கு அடில வச்சுக்கிட்டுத் தூங்குவேன். உனக்குப் பசிக்குதா? ஏறுடா! லைசென்ஸ எடுத்துட்டு வரலாம்."

"அந்தாளு ஜெயிச்சா உனக்கென்னப்பா லாபம்?"

"வாய மூடிட்டு ஏறு."

வேன் பறந்தது. பின்சீட்டில் எங்கள் தேவாலயத்துச் சகோதரி வெர்லீன் தொப்பியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "லாவெல், நான் ஓட்டுப் போட்டாச்சு, என்னை உயிரோட வீட்ல விட்ருப்பா" என்று கத்தினார்.

சாவடி மூடுவதற்குள் கொண்டுவந்து சேர்த்துவிட்டார். டஸ்டின் சாவகாசமாக வெளியே வந்தார்.

"ஹோல்கமுக்கா?"

"அதெல்லாம் ரகசியம்ப்பா" என்று சிரித்தார் டஸ்டின்.

ஹோல்கம் ஜெயித்ததைக்கூட லாவெல் தாங்கிக்கொண்டார். ஒளித்துவைக்க டஸ்டினுக்கு ஒரு ரகசியம் இருப்பதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. அதன் பிறகு அவரை வேனில் ஏற்றுவதில்லை.