வெந்நீர்க்காரர் யுகோரோ செய்த துரோகம்

நோதா பேட்டையில் கொக்கு வெந்நீர்க்கூடம் மூடிக் கிடப்பதற்குக் காரணம் ஒரு வீடியோ கேம்தான் என்று ஒசாகாவில் ஒரு பேச்சு கிளம்பியிருந்தது. ‘ஏழு கணவாய்’ விளையாட்டின் மூன்றாம் பாகத்தில் யுகோரோ துரோகியாக மாறினாரே, அந்த யுகோரோவுக்கு அசல் அங்கே குளியற்கூடம் நடத்தும் கிழவர்தானாம். கோபம் கொண்ட ரசிகர்கள் அவர் கதவில் ‘துரோகி’ என்று பெயின்ட் அடித்தார்களாம். மனம் உடைந்த கிழவர் அடுப்பை அணைத்துவிட்டுப் போய்விட்டாராம். இணையத்தில் இதைச் சொன்னவர்களில் ஒருவர்கூட அந்தக் கதவைப் பார்த்ததில்லை. ஆனால் பெயின்டின் நிறம் வரை எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

இதை அப்படியே நம்பியவர்களில் சிஹாரு மகிமுராவும் ஒருத்தி. அவள் நம்பியதற்கு நியாயம் உண்டு. துரோகத்தை எழுதியவள் அவள்தான்.

கேம் கம்பெனியில் கதை வசனம் எழுதுவது சிஹாருவின் பிழைப்பு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் மேஜைக்கு அடியிலேயே தூங்கி எழுந்த கூட்டத்தில் அவளும் உண்டு. ஆபீசில் குளிக்க இடமில்லை. பின்தெருவில் இசேகி என்பவர் நடத்திய கொக்கு வெந்நீர்க்கூடம்தான் எல்லோருக்கும் கதி. வாசல் மேடையில் உட்கார்ந்திருக்கும் இசேகி, குளித்துவிட்டு ஓடும் சிஹாருவை ஒருநாளும் சும்மா விட்டதில்லை. “ஈரத் தலையோட வெளிய போகாதே. சளி புடிச்சா என் தண்ணியைத்தான் திட்டுவே.” நாளடைவில் அவளுக்கு ‘ஈரத்தலை’ என்றே பெயர் வைத்துவிட்டார்.

முதல் பாகத்தில், மலைப்பாதையில் களைத்து வரும் வீரனுக்கு உடம்பு தேற ஒரு வெந்நீர்த் தொட்டி தேவைப்பட்டது. தொட்டி என்றால் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். யுகோரோ என்று பெயர் கொடுத்து, இசேகியின் புருவத்தையும் அந்த ஈரத்தலை வசனத்தையும் அப்படியே தூக்கி வைத்தாள். அனுமதி கேட்கவில்லை. நாலு வரி பேசும் ஆளுக்கு யார் போய் அனுமதி கேட்பார்கள்?

நாலு வரி பேசுபவர்களை நம்பக் கூடாது. ரசிகர்கள் வாக்கெடுப்பில் யுகோரோ கதாநாயகியை முந்திவிட்டார். இரண்டாம் பாகத்தில் தண்ணீர் மொள்ளும் சட்டியையே ஆயுதமாக ஏந்தி வீரனோடு கிளம்பினார். அதற்குள் கிளைக்கதைகள் முளைத்தன. சக்கரம் வைத்த தொட்டியில் ரேஸ் ஓட்டினார். சமையல் போட்டியில் முட்டை அவித்தார். குட்டி யுகோரோவாகத் தவழ்ந்தார். செல்போன் விளையாட்டில், லேசில் யாருக்கும் கிடைக்காத நீச்சலுடை யுகோரோவாக வந்து, பலருடைய மாதச் சம்பளத்தை விழுங்கினார்.

மூன்றாம் பாகத்தில் ஒரு தளபதி துரோகம் செய்வதாக ஏற்பாடு. தளபதியை வரைய வேண்டியவர் வேலையை விட்டுப் போனார். வெளியீட்டுத் தேதியோ ஊருக்கே அறிவித்தாகிவிட்டது. அழ, சிரிக்க, திருட்டு முழி முழிக்க என்று எல்லா முகபாவமும் தயாராக இருந்த ஒரே ஆள் யுகோரோ. “இவரையே துரோகியாக்கிடுங்க மகிமுரா-சான், ஜனங்க கதறிடுவாங்க” என்றார் தயாரிப்பாளர் ஓகுசாகி. ஒரே மதியத்தில் எழுதிக் கொடுத்தாள். ஜனங்கள் கதறினார்கள். அதன்பிறகு அவள் குளிக்க வேறு தெருவுக்குப் போனாள்.

இப்போது ஆறாம் பாகம். யுகோரோவை வீரமாகச் சாகடித்து மன்னிப்பு வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று ஓகுசாகி சொன்னார். கூடத்தைப் பற்றிய பேச்சை எடுத்தபோது அவர் காசில்லாத விளம்பரம் என்று சந்தோஷப்பட்டார். சிஹாரு ஒருநாள் அவகாசம் கேட்டாள். பேச்சு உண்மையானால், ஒரு கிழவரை உயிரோடு கெடுத்தாகிவிட்டது. பிறகு பொம்மையைக் கொன்று என்ன புண்ணியம்?

மன்னிப்புக் கேட்கப் போகிறவர்கள் அந்த ஊரில் யோகன் வாங்கிக்கொண்டு போவார்கள். செம்பயற்றை அரைத்துக் கட்டியாக உறைய வைத்த இனிப்பு அது. செங்கல் போல் கனக்கும். தப்பு எவ்வளவு பெரிதோ, பெட்டி அவ்வளவு கனம் என்பது சிஹாருவின் ஆபீஸ் கணக்கு. அவள் வாங்கியதைத் தூக்கிப் பார்த்த கடைக்காரி, என்ன விபத்து என்று கேட்காத குறைதான்.

கொக்குக் கூடத்தின் கதவில் பெயின்ட் இல்லை. கொதிகலன் பழுதானதால் மூடிவிட்டோம், இத்தனை காலம் வந்ததற்கு நன்றி என்று ஓர் அறிவிப்பு மட்டும் ஒட்டியிருந்தது. சிஹாருவுக்குப் பாதி உயிர் வந்தது. பின்பக்க வீட்டுக் கதவைத் திறந்த இசேகி அவள் தலையைத்தான் முதலில் பார்த்தார்.

“காஞ்சிருக்கே. இப்பதான் புத்தி வந்துச்சா?”

பெட்டியை இரண்டு கையாலும் நீட்டி, குனிந்து, வழியெல்லாம் மனப்பாடம் செய்த வாக்கியத்தைத் தொடங்கினாள். கிழவர் பெட்டியை வாங்கி, கனத்தில் ஒரு தள்ளாட்டம் தள்ளாடி, நேரே உள்ளே போய்விட்டார். வந்த பண்டம் எதுவானாலும் முதலில் இறந்தவர்களின் மாடத்துக்குத்தான். சிஹாருவும் பின்னால் போனாள். மாடத்தில் இருந்த படம் அவருடைய மனைவி ஃபுமி. பெண்கள் பக்கத்துக் கூடையில் சிஹாரு மறந்துவிட்டுப் போகும் சோப்பை எடுத்து வைப்பவள். அவள் இறந்தது சிஹாருவுக்குத் தெரியாது. கிழவர் பெட்டியைப் படத்துக்கு முன்னால் வைத்து, சிறு மணியைத் தட்டினார்.

“ஃபுமி, ஈரத்தலை வந்திருக்கு. செங்கல் கொண்டுவந்திருக்கு.”

சிஹாருவும் மண்டியிட்டுக் கும்பிட்டாள். தேநீர் வந்தது. சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டாள். கூடத்தை மூட வைத்தது எங்கள் விளையாட்டா?

கிழவர் சிரித்தார். “மூட வச்சதா? மூட விடாம வச்சது.”

பிறகு அவர் சொன்னதை, ஏதோ வேடிக்கைபோலத்தான் சொன்னார். கொதிகலன் எப்போதோ ஒழுக ஆரம்பித்துவிட்டது. வகாயாமா கடற்கரையில் இருக்கும் மகள், இரண்டு பேரும் வந்து என்னோடு இருங்கள் என்றாள். அவள் வீட்டுக்குப் பின்னால் ஆரஞ்சு மரங்கள் இருந்தன. ஃபுமி கம்பளித் துணிகளை மூட்டை கட்டிவிட்டாள். அந்தச் சமயம் பார்த்து இரண்டாம் பாகம் வந்தது. ஆணும் பெண்ணுமாகக் கூட்டம் வந்து வாசலில் நின்று, புகைபோக்கியை அண்ணாந்து பார்த்தது. யுகோரோவின் அடுப்பு என்றும் அணையாது என்று விளையாட்டில் ஒரு வசனம் உண்டு. இது அந்த அடுப்பா தாத்தா என்று கேட்டார்கள்.

“ஆமான்னுட்டேன். வாயைக் கொடுத்தாச்சு, அப்புறம் எப்படி அணைக்கிறது? ஃபுமி மூட்டையைப் பிரிச்சுட்டா. அப்புறம் ஒவ்வொரு பாகம் வரும்போதும் ஒரு கூட்டம், ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு ஆமா. போன குளிர்காலம் அவ போனா. அடுத்த வாரமே கொதிகலனும் போச்சு. ரெண்டும் பேசி வச்சிருக்கும்.”

அணையாத அடுப்பு. அந்தக் காட்சி ஒரு வரி குறைகிறது என்று ஓகுசாகி சொன்னதால், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சிஹாரு எழுதிய வரி. துரோகத்துக்காவது ஒரு மதியம் ஆயிற்று. இதற்கு ஒரு வாய் காப்பி நேரம்கூட ஆகவில்லை.

அவள் பாயில் நெற்றி படக் குனிந்தாள். மன்னிச்சிடுங்க என்பதற்குமேல் வார்த்தை வரவில்லை. கிழவர் திடீரென்று கறாரானார்.

“அப்பாடா, தெரிஞ்சுதான் வந்திருக்கியா? எவ்வளவு அவமானம் தெரியுமா எனக்கு?”

சிஹாரு குனிந்தபடியே காத்திருந்தாள்.

“துரோகி ஆக்கினே, சரி. கதைன்னா யாராவது ஒருத்தன் கெட்டவனா இருக்கணும். ஆனா அந்தப் பையன், வீரன், அஞ்சு பாகமா பூட்ஸ் காலோட, கவசத்தோட, உடம்புல ஒரு சொட்டுத் தண்ணி ஊத்திக்காம தொட்டியில குதிக்கிறான். துரோகி ஆகற வரைக்கும் யுகோரோ பக்கத்துல நின்னு சிரிக்கிறான். குளியற்கூடச் சங்கத்துல என்னைப் பாத்து, பத்துப் பேர் இறங்குற பொதுத் தொட்டியில, இசேகி கடையில உடம்பைக் கழுவாமலே ஆளை இறக்குவாங்களாமேன்னு கேட்டானுங்க. நான் எங்க மூஞ்சியை வச்சுக்கிறது?”

சங்கத்துக்கே போகாமல் நின்றுவிட்டாராம்.

“அதை மட்டும் சரி பண்ணிடு. தொட்டிக்கு முன்னாடி ஒரு பேசின் தண்ணி. போதும்.”

செய்கிறேன் என்று சொல்லிவிட்டாள். வேறு குற்றத்துக்காகக் கேட்ட மன்னிப்பு, இந்தக் குற்றத்தின் பேரில் வரவாகிவிட்டது. திருத்த வாயெடுத்தால் ஃபுமியின் பெயரைச் சொல்ல வேண்டும். சொல்லவில்லை. கிளம்பும்போது கிழவர், கூடத்தின் மஞ்சள் பேசின் ஒன்றில், நாரத்தை ஜாதியான யுசு பழங்களை நிரப்பிக் கொடுத்தார். குளிர்காலத்தில் தொட்டியில் மிதக்கவிடுவதற்காக வருடாவருடம் மகள் அனுப்புவதாம். ரயில் முழுக்க நாரத்தங்காய் வாசம். யாரும் அவளைத் திரும்பிப் பார்க்காதது அவளுக்கு என்னவோபோல் இருந்தது.

மறுநாள் ஓகுசாகியிடம் யுகோரோ சாகவில்லை என்றாள். அடுப்பை அணைத்துவிட்டு, மனைவியோடு கடற்கரைக்குப் போகிறார்.

“இதுக்கு யாரு அழுவாங்க மகிமுரா-சான்?”

“நான் அழுவேன்.”

சரி, போகட்டும் என்றார் ஓகுசாகி. ஆனால் யுகோரோவுக்கு மனைவி கிடையாது, புதிதாக ஒருத்தியை வரைய ஆளும் இல்லை. எனவே அடுப்பு அணைகிறது, யுகோரோ தனியாகப் போகிறார்.

ஒரு பேசின் தண்ணீர் விஷயத்தை திரையில் உருவங்களை அசைய வைக்கும் நிஷிசோனோவிடம் கொண்டுபோனாள். அவன் கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னான், “கவசத்தைக் கழட்ட முடியாது அக்கா. உள்ள உடம்பே கிடையாது. நாங்க செய்யவே இல்லை.”

யுசு பழங்கள் ஆபீசில் பங்கு போய்விட்டன. மஞ்சள் பேசின் சிஹாருவின் மேஜையில் இருக்கிறது. பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கும் பழக்கம் அந்த ஊரில் யாருக்கும் கிடையாது; அதில் வைத்துக் கொடுக்க அவளிடம் இன்னும் ஒன்றும் சேரவில்லை. அவள் வாரம் ஒருமுறை நிஷிசோனோவின் நாற்காலிக்குப் பின்னால் போய் நிற்கிறாள். திரையில் வீரன் பூட்ஸ் காலோடு குதிக்கிறான்.